டிரம் முக்கின் கலங்கரை விளக்கம்

எங்கள் முக்கின் நடுவே ஒரு தார் டிரம் இருந்தது. ரோடு போட வந்தவர்கள் மறந்துவிட்டுப் போனது என்பார்கள். அதற்குள் மணலைக் கொட்டி, கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து, ஒரு போலீஸ்காரர் அதை நான்கு சாலைக்கும் நடுவில் உருட்டி நிறுத்தினார். அவ்வளவுதான். பதினாறு வருடமாக ஆட்டோ, பஸ், மணிலாக் கடலை மூட்டை ஏற்றிய வேன், முதுகில் யோகா பாயோடு ஸ்கூட்டரில் போகிற வெள்ளைக்காரி என்று எல்லோரும் அதைச் சுற்றித்தான் போனார்கள். ஒரு விபத்து கிடையாது. திருவண்ணாமலையில் ஒன்றை வலப்பக்கம் வைத்துச் சுற்றிப் போவதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே செய்கிற வேலை அது. பஸ்ஸில் ஏறி “டிரம்மாண்ட நிறுத்துங்க” என்றால் கண்டக்டர் மறுபேச்சு பேசாமல் விசில் கொடுப்பார்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு விஷயம் எத்தனை நாள்தான் அரசாங்கத்தின் கண்ணில் படாமல் இருக்கும். பட்டுவிட்டது.

நான் அந்த முக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் ரேணுகாம்பாள். என் கடைக்கு நேர் மேல் மாடியில்தான் சந்திப்பு அழகூட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். அவர்களுக்கும் ஒரு ஜெராக்ஸ் மிஷின் வந்தது. அதைத் திறந்துவைக்கப் பெரிய மனிதர் யாருடைய தேதியும் கிடைக்காததால் மூன்று வருடமாகப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். ஆகவே வாரியத்தின் காகிதம் ஒவ்வொன்றும் என் கை வழியாகத்தான் போகும். நான் படிக்காமல் எதையும் பிரதி எடுப்பதில்லை. அதனால் இதில் நான் சேர்த்துச் சொல்வது ஒன்றும் இல்லை. சேர்க்க அவர்கள் இடம் வைக்கவும் இல்லை.

எனக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ரஹ்மான் சீட் ஒர்க்ஸ். முதலாளி, தொழிலாளி, கல்லாக்காரர் எல்லாம் கலீல் ரஹ்மான் பாய் ஒருவர்தான். ஆட்டோ சீட்டு, பைக் சீட்டு, லாரிக்குத் தார்ப்பாய், எது கிழிந்தாலும் தைப்பார். பத்தடி அகலம், பதினெட்டு அடி நீளம், பட்டா இடம், அவர் தாத்தா வாங்கியது. அவர் மகள் சதஃப் வேலூரில் நர்சிங் படிக்கிறாள். அந்த ஃபீஸ், வீட்டுச் செலவு, ஜீனத் அக்காவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் அந்தக் கடையிலிருந்துதான் வந்தாக வேண்டும். பாய் யார் வம்புக்கும் போகாதவர். வம்பு அவரை மேல்மாடிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தது.

சென்னையில் வாரியத் தலைமை ‘அலைமுகம்’ என்று ஒரு திட்டம் போட்டிருந்தது. கடற்கரை நகரங்களின் சாலைச் சந்திப்புகளுக்கு நடுவே அழகான அமைப்பு ஒன்றை நிறுவும் திட்டம். அந்தப் பட்டியலில் எங்கள் ஊர் எப்படிச் சேர்ந்தது என்று பிறகு விசாரித்ததில், பட்டியல் தயாரித்தவர் ரொம்ப யோசித்துத்தான் சேர்த்திருக்கிறார் என்று தெரிந்தது. ஊருக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கையைப் பார்த்திருக்கிறார். இத்தனை வெள்ளைக்காரர்கள் கடற்கரை இல்லாத ஊருக்கா மாசக்கணக்கில் வந்து தங்குவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ரமண ஆசிரமம் பக்கம் அவர் வந்ததே இல்லை போலிருக்கிறது.

திட்டம் வந்ததும் மாவட்ட அலுவலர் பலராமன் தேர்வுக் குழு அமைத்தார். அவர் தலைவர். உதவிப் பொறியாளர் உண்ணாமலை உறுப்பினர். சென்னையிலிருந்து வந்த வடிவமைப்பு ஆலோசகர் இனியன் இன்னொரு உறுப்பினர். நான்காவதாகப் பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. பொதுமக்களை எங்கே போய்த் தேடுவது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது, பலராமன் சாரின் நாற்காலி மெத்தையை மாற்றுவதற்காக இஞ்ச் டேப்போடு உள்ளே வந்தார் கலீல் பாய்.

“பாய், நீங்க பொதுமக்கள்தானே?” என்று கேட்டார் பலராமன்.

“ஆமாங்க சார்,” என்றார் பாய். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

“அப்ப உக்காருங்க.”

நாற்காலியை அளக்க வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து என் கடைக்கு வந்தபோது அவர் கையில் டீக்கறையும் ஊதா மையும் இருந்தது. “ரேணுகா, நான் நாலு எடத்துல கையெழுத்து போட்டேம்மா. எதுக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு” என்று பிரதி எடுக்க வந்த காகிதத்தையே காட்டிக் கேட்டார்.

அந்த முதல் கூட்டத்தில் பாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்: “சார், நம்ம ஊர்ல கடல் இல்லீங்களே.” அதற்குப் பலராமன் ஆற்றிய உரை நடவடிக்கைக் குறிப்பில் முழுமையாக இருக்கிறது. “கடல் இல்லாத ஊருக்குக் கடல் திட்டம் எதுக்குன்னு சிலர் கேக்கலாம். நான் அவங்கள திருப்பிக் கேக்கறேன். கடல் இருக்கற ஊருக்கு எதுக்கு? அங்கதான் ஏற்கெனவே கடல் இருக்கே. இல்லாதவங்களுக்குக் குடுக்கறதுதான் சமூக நீதி. இன்னொண்ணு. திட்டத்தை நாம திருப்பி அனுப்பினா, இத்தனை நாளா நமக்குக் கடல் இல்லாததை யாரும் ஏன் மேலிடத்துக்குத் தெரிவிக்கலன்னு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.” இதற்கு எல்லோரும் கைதட்டினார்கள். பாயும் தட்டினார்.

இனியன் கொண்டுவந்த முதல் வடிவம், துள்ளிக் குதிக்கும் இரண்டு டால்ஃபின். படம் நன்றாகவே இருந்தது, நானே கலர் பிரிண்ட் போட்டேன். உண்ணாமலை மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்தப் பக்கம் பாத்து நிக்கும்?” என்று கேட்டார்.

“பஸ் ஸ்டாண்டு பக்கம். வர்றவங்களை வரவேற்கிற மாதிரி,” என்றார் இனியன்.

“அப்ப வாலு?”

எல்லோரும் படத்தின் மேல் குனிந்தார்கள். வால் மலையைப் பார்த்து இருந்தது. எங்கள் ஊரில் மலைக்கு முதுகு காட்டி யாரும் கடைவாசல்கூட வைக்க யோசிப்பார்கள். மீன் காட்டுமா.

“சரி, திருப்பி வெச்சுடலாம்,” என்றார் இனியன், சென்னைக்காரர்.

திருப்பினால் வால் நேராக வாரிய அலுவலகத்தைப் பார்த்தது. பலராமன் சாரின் ஜன்னலுக்கு நேர். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஒரு அரசு நிறுவனத்துக்கு மீன் வாலைக் காட்டறது முறையா இருக்காது. மலைக்கு அடுத்தபடியா இந்தச் சந்திப்புல மரியாதைக்குரிய உயரம் இந்த மாடிதான்,” என்றார். பக்கவாட்டில் திருப்பினால் ஒருபுறம் மின்வாரியம், மறுபுறம் கட்சிக் கொடிக்கம்பங்கள். கொடிக்கம்பங்களுக்கு வால் காட்டுவதைப் பற்றிப் பேசவே யாருக்கும் தைரியம் இல்லை. இரண்டு மணி நேரம் மீனைச் சுற்றிவிட்டு, ‘முன்னும் பின்னும் இல்லாத வடிவமே இந்நகருக்கு ஏற்றது’ என்று தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள்.

இனியன் அதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு கஃபேயில் உட்கார்ந்து எலுமிச்சை டீ குடித்தபடி முதுகில்லாத பொருட்களைப் பற்றிச் சிந்தித்ததாக அவருடைய பயணப்படிப் பட்டியலில் எழுதியிருந்தார். கடைசியில் கலங்கரை விளக்கத்தோடு வந்தார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி, வால் கிடையாது. எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது உண்ணாமலை மேடம், “மேல விளக்கு சுத்துமா?” என்று கேட்டார்.

“கண்டிப்பா. முப்பது அடி உயரத்துல.”

“கார்த்திகை தீபத்தன்னிக்கு மலைமேல ஏத்தற நேரத்துல கீழ இது சுத்துனா, ஊரு நம்மள சும்மா வுடாதுங்க சார்.”

அது நியாயம்தான். எனவே விளக்கு இல்லாத கலங்கரை விளக்கம் என்று ஒருமனதாக முடிவானது. இனியன் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: “வெளிச்சத்தை நினைவுபடுத்துற இருட்டு.” பாய் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அன்று ராத்திரி ஜீனத் அக்கா கேட்டாராம்: “படிச்சுப் பாத்துட்டுதான் போட்டீங்களா?”

“படிச்சேன். தமிழ்லதான் இருந்துச்சு. ஆனா புரியல.”

இதுவரை எனக்கும் இது தமாஷாகத்தான் இருந்தது. அதற்கடுத்த வாரம் உண்ணாமலை மேடம் சுண்ணாம்புப் பொடியோடு வந்தார்.

இரண்டு கோடு போட்டார். உள்கோடு, வெளிக்கோடு. உள்கோட்டுக்குள் இருப்பது அழகு வட்டம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பது ரோடு. ரோட்டில் எது இருந்தாலும் இடிக்கப்படும். அன்றைக்கு வெளிக்கோடு பாய் கடைக்குப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றது. பாய் அதை எட்டிப் பார்த்துவிட்டு மேடத்துக்கு மோர் வாங்கிக் கொடுத்தார்.

பிறகு கலங்கரை விளக்கத்துக்குக் கீழே அலைகள் வேண்டும் என்றார் இனியன். சேர்த்தார்கள். அலைகளைச் சுற்றிப் பார்க்க நடைபாதை. நடைபாதைக்கு வேலி. வேலி வெறுமையாகத் தெரியாமலிருக்கப் புல்தரை. புல்லை மிதிக்கக் கூடாது என்ற அறிவிப்புப் பலகைக்கு ஒரு பீடம். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. ஆனால் எல்லாப் பக்கமும் ஆகவில்லை. ஒரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், அதை நகர்த்த மின்வாரியத்துக்கு எழுத வேண்டும். ஒரு பக்கம் ஒன்பது கட்சிக் கொடிக்கம்பம், அந்தத் திசையில் டேப் பிடிக்கவே மேடம் போகவில்லை. என் பக்கம் மாடியில் வாரியமே குடியிருக்கிறது. மீதி இருந்தது கலீல் பாய் பக்கம்தான். எனவே வட்டம் அந்தப் பக்கமாக மட்டுமே வளர்ந்தது.

“ஏம்மா, இது வட்டம் மாதிரி இல்லியே. முட்டை மாதிரி இல்ல இருக்கு,” என்றார் பாய்.

“ஃபைல்ல வட்டம்னுதான் இருக்கு பாய்,” என்றார் மேடம், நிமிர்ந்து பார்க்காமல்.

வெளிக்கோடு கடைப்படிக்கு வந்தது. படியைத் தாண்டி உள்ளே போனது. மேடம் பாவம், தையல் மிஷினுக்கு அடியில் குனிந்து சுண்ணாம்பு தூவினார். அடுத்த கூட்டத்துக்கு அடுத்த நாள் அது பின்சுவரையும் தாண்டிவிட்டது, உள்கோடு கடைவாசலில் வந்து நின்றது. இப்போது கடை முழுசாக ரோட்டில் இருந்தது. ஒவ்வொரு தீர்மானத்திலும் நான்காவது கையெழுத்து பாயுடையது. ‘அலைகள் சேர்க்க ஒப்புதல்’ என்று போட்டிருந்தால் அவர் அலையைத்தான் நினைப்பார், தன் கடையையா நினைப்பார்.

இடிப்பு நோட்டீஸ் வந்தது. முப்பது நாள் அவகாசம். ஜீனத் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். “இவரு ஊருக்கு அழகு சேக்கப் போனாரு ரேணுகா. சதஃபுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. நான் யாரப் போய்க் கேக்கறது?” என்றார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை. எனக்கு வந்த ஆத்திரத்தில் காசு வாங்காமல் ஒரு மனு டைப் அடித்துக் கொடுத்தேன்: பட்டா இடம், ஒரே வருமானம், கருணை கூர்ந்து கடையை விட்டுவிடவும்.

மனுவுக்குப் பதில் பத்து நாளில் வந்துவிட்டது. வாரியம் வேகமாகச் செயல்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது. பொதுமக்களின் ஆட்சேபணைகள் யாவும் பொதுமக்கள் பிரதிநிதியின் கருத்துரைக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது விதியாம். எனவே கலீல் பாய் கொடுத்த மனு, கலீல் பாயின் கருத்துரைக்காக, கலீல் பாய்க்கே பதிவுத் தபாலில் வந்தது.

“இப்ப நான் என்னம்மா எழுதறது?”

“நியாயமான கோரிக்கைன்னு எழுதுங்க பாய்.”

எழுதி அனுப்பினோம். மறுபடி கடிதம். பிரதிநிதி இதில் சொந்த ஆதாயம் உள்ளவர் என்பதால் அவர் கருத்தை ஏற்க இயலாது. வேறு பிரதிநிதியை நியமிக்கலாம், ஆனால் அதற்கு நான்கு உறுப்பினரும் கையெழுத்திட வேண்டும், நான்காவது உறுப்பினர் சொந்த ஆதாயம் உள்ளவர் என்பதால் கையெழுத்திட இயலாது. ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறது. பாய் அந்தக் கடிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கிழிந்த ஒரு பைக் சீட்டை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார்.

நோட்டீஸ் கெடுவில் எட்டு நாள் மிச்சமிருந்தபோது உண்ணாமலை மேடம் என் கடைக்கு வந்து, ஆதார் அட்டையைப் பிரதி எடுப்பது போல நின்றுகொண்டு, பாயைக் கூப்பிடச் சொன்னார்.

“நான் சொன்னேன்னு சொல்லாதீங்க பாய். இடிக்கறது ரோட்டுக்கு மட்டும்தான். உள்கோட்டுக்கு உள்ள இருக்கறத இடிக்க எங்ககிட்ட ஃபாரமே கிடையாது.”

“என் கடை வாசல்லதானேம்மா உள்கோடு நிக்குது.”

“உங்க கடை எவ்ளோ நீளம்?”

“பதினெட்டு அடி.”

“அவ்ளோதான். இன்னும் பதினெட்டு அடி,” என்று சொல்லிவிட்டு மேடம் அட்டையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்தில், ஏழு மாதத்தில் முதல் தடவையாக, பாய் எழுந்து நின்றார். “சார், எனக்கு ஒண்ணு தோணுச்சு. கடல் ஊருன்னா மணல் வேணாங்களா? கலங்கரை விளக்கம் இருக்கு, அலை இருக்கு, பீச்சு இல்லியே. ஜாஸ்தி வேணாம் சார். ஒரு பதினெட்டு அடி.”

பலராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா, பொதுமக்களே மணல் கேக்கறாங்க. இத்தனை வருச சர்வீஸ்ல பொதுமக்கள் என்னைக் கேட்டு நான் குடுக்கற முதல் விஷயம் இது,” என்றார். இனியன், தானும் மனசுக்குள் மணலுக்காகவே ஏங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். மேடம் உடனே குறித்துக்கொண்டார். கடைக்குப் பின்னால் சீமைக் கருவேல முள் மண்டிய புறம்போக்கு நிலம்தான். அங்கே போய் உள்கோடு விழுந்தது, அதற்குப் பின்னால் புது ரோடு போட்டார்கள். கடை வட்டத்துக்குள் வந்துவிட்டது. டிரம்மை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடையைச் சுற்றி மணல் கொட்டினார்கள். ஜீனத் அக்கா ரவா கேசரி கிண்டிக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தார். மாடிக்கும் ஒரு தூக்கு போனது. எங்கள் எல்லோருக்கும் அன்று அவ்வளவு சந்தோஷம்.

திறப்பு விழா பௌர்ணமியன்று என்று முடிவானது. வாரியத் தலைவர் சென்னையிலிருந்து வருகிறார், காலையில் திறந்துவைத்துவிட்டு மாலையில் கிரிவலம் போக அவருக்கு வசதி. கலங்கரை விளக்கத்தைப் போர்த்த முப்பது அடியில் நீலத் துணி தைக்கும் வேலையும் பாய்க்கே வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். பௌர்ணமிக்கு ஊருக்குள் கனரக வண்டி வர முடியாது, முந்தின நாளே எல்லையில் நிறுத்திவிடுவார்கள். இது இந்த ஊரில் தள்ளுவண்டிக்காரர் வரைக்கும் தெரியும். வாரியத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஃபைபரில் செய்த கலங்கரை விளக்கத்தை ஏற்றி வந்த லாரியைக் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் போலீஸ் மறித்தது. டிரைவர் அதை ஒரு மணிலா வயலில் இறக்கிவிட்டு, லாரிக்கு நாள் வாடகை ஏறக் கூடாதென்று அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

விடிகாலை ஆறு மணிக்குப் பலராமன் வட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். மேடை தயார், ரிப்பன் தயார், நாதஸ்வரம் தயார்.

“பாய், துணி இருக்கு இல்ல?”

“இருக்குங்க சார்.”

“போத்துங்க.”

“எது மேல சார்?”

பலராமன் சுற்றிப் பார்த்தார். மணல் இருந்தது. அப்புறம் கடை இருந்தது.

முப்பது அடித் துணியை இரண்டாக மடித்துக் கடைமேல் போர்த்தினார்கள். பாயை உள்ளேயே இருக்கச் சொன்னார்கள், வெளியே நின்றால் எதைப் போர்த்தியிருக்கிறது என்று யாராவது கேட்பார்களாம். தலைவர் வந்தார், கயிற்றை இழுத்தார், துணி சரிந்தது. உள்ளே மிஷினில் ஒரு ஆட்டோ சீட்டை வைத்துக்கொண்டு, கண் கூசியபடி, கலீல் பாய் உட்கார்ந்திருந்தார். பலராமன் அவரைப் பார்த்து அசையாதீர்கள் என்று கண்ணைக் காட்டினார். பாய் பயத்தில் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் கிட்டே போய்ப் பார்த்தார். “தத்ரூபமா செஞ்சிருக்கீங்க,” என்றார்.

பிறகு மைக்கைப் பிடித்தார். “நான் கலங்கரை விளக்கத்தை எதிர்பார்த்து வந்தேன். உழைப்பின் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கிறேன். சிலர் கேட்பார்கள், கடல் எங்கே என்று. கடலிலே என்ன இருக்கிறது? உப்பு. உழைப்பாளியின் வேர்வையிலே என்ன இருக்கிறது? அதே உப்பு. ஆகவே திட்டத்தின் நோக்கம் நூறு சதவீதம் நிறைவேறிவிட்டது.” கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரமாயிற்று. அந்த மேடையிலேயே தீர்மானம் தயாரானது. இந்த அமைப்பே சந்திப்பின் நிரந்தர நடுமையம், பத்து ஆண்டுகளுக்கு இதில் யாரும் கை வைக்கக் கூடாது. நான்காவது கையெழுத்தைப் பாய் இந்தத் தடவை சிரித்துக்கொண்டே போட்டார். பத்து வருடத்துக்குக் கடையை யாரும் இடிக்க முடியாது என்பதற்கு அரசாங்க முத்திரையோடு காகிதம் கிடைத்திருக்கிறதே, சிரிக்காமல் என்ன செய்வார்.

கலங்கரை விளக்கம் இன்றைக்கும் அந்த வயலோரம்தான் படுத்திருக்கிறது. நிலத்துக்காரர் அதற்குள் சாக்குப்பை போட்டு வைத்திருக்கிறார்.

மறுநாள் காலையில் பாய் கடையைத் திறந்தார். சுற்றிலும் வேலி. வேலிக்கு வெளியே நான்கு பக்கமும் வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. வட்டத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் போலீஸ்காரர் விசில் அடிப்பார். போகிறவர்களில் சிலர், நடுவில் இருப்பது என்னவென்று தெரியாவிட்டாலும், பழக்கத்தில் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு போனார்கள். உள்ளே வந்து சீட்டு தைக்க ஒருத்தர் கிடையாது.

மூன்றாம் நாள் ஆட்டோ கோபி வந்தான். பாயிடம் பதினைந்து வருடமாகச் சீட்டு தைக்கிறவன். நான் என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சுற்றில், “பாய், பின்சீட்டு கிழிஞ்சிடுச்சு,” என்று கத்திக்கொண்டே போனான். பாய் வேலி ஓரமாக ஓடி வருவதற்குள் அவன் கொடிக்கம்பத்தைத் தாண்டிவிட்டான். இரண்டாவது சுற்றில் பாய், “ரெக்ஸினா, துணியா?” என்று கேட்டார். மூன்றாவது சுற்றில், “ரெக்ஸின், எவ்ளோ ஆவும்?” என்றான். நான்காவதில் பாய் ஆயிரத்து எட்டுநூறு என்றார். ஐந்தாவதில் கோபி, “கம்மி பண்ணுங்க பாய்,” என்றான். ஆறாவதில் பாய் ஆயிரத்து அறுநூறு என்று விரலைக் காட்டினார். ஏழாவது சுற்றில் கோபி வேகத்தைக் குறைத்தான், விசில் சத்தம் கேட்டது. “வண்டிய எங்க பாய் உடறது? தப்பா எடுத்துக்காதீங்க, போளூர் ரோட்டுல ஒரு கடைல குடுத்துக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் முகம் எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பாய் என்னிடம் வந்து இன்னொரு மனு டைப் அடிக்கச் சொன்னார். என் கடையைத் தயவுசெய்து இடித்துவிட்டு வேறிடம் கொடுங்கள் என்று. நானே அடித்தேன். வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு மனுவை நான் அடித்ததில்லை. பதில் நான்கே நாளில் வந்தது. நடுமையத்தைப் பத்து ஆண்டுகளுக்கு அகற்ற இயலாது, அகற்றக் கோருவதே குற்றம், கோருபவர் பொதுமக்கள் பிரதிநிதியாகவும் இருப்பது வருந்தத்தக்கது.

அன்று மத்தியானம் பாய் ஒன்று செய்தார். தையல் மிஷினைத் தலையில் தூக்கினார். ஜீனத் அக்கா இரண்டு கையையும் விரித்து வண்டிகளை மறித்து முன்னால் வர, பின்னால் ரெக்ஸின் சுருளோடு நான் வர, மூன்று பேரும் ரோட்டைக் கடந்தோம். என் கடைக்குப் பக்கத்தில் பிளாட்பாரத்தில் ஒரு புங்கமரம் இருக்கிறது. அதன் அடியில் மிஷினைப் போட்டார். மேலே, மடித்து வைத்திருந்த அந்த நீலத் துணியையே பந்தலாகக் கட்டினார். என் கடையிலிருந்து ஒரு ஒயர் இழுத்து லைட் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலமே ஒரு ஆட்டோ வந்தது. மறுநாள் மூன்று. கோபியும் வந்தான், போளூர் ரோட்டில் தைத்தது சரியில்லையாம். சதஃபுக்கு ஃபீஸ் கட்டிவிட்டதாகப் பாய் ஒருநாள் சொன்னார். எதிரே அவருடைய கடை பூட்டிக் கிடந்தது, ராத்திரியானால் வாரியம் அதற்குப் பச்சை விளக்கு போட்டது. எங்களுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

பதினோரு நாள் இப்படி ஓடியது. பன்னிரண்டாம் நாள் உண்ணாமலை மேடம் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு காகிதம். அதைப் பிரதி எடுக்க என்னிடம் கொடுக்கவில்லை, அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேரே பாயிடம் போய் நின்றார்.

“என்னம்மா?”

“நோட்டீஸ் பாய். இங்க கையெழுத்து போடணும்.” மேடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பிளாட்பார ஆக்கிரமிப்பு. ஏழு நாள்ல எடுத்துடணுமாம். நடுமையத்தோட காட்சிய இது மறைக்குதுன்னு பலராமன் சாரு எழுதியிருக்காரு. செங்கம் ரோட்டுலேருந்து வர்றவங்களுக்குச் சரியா தெரியலியாம்.”

“எது தெரியலியாம்?”

மேடம் ரோட்டின் நடுவே கையைக் காட்டினார். “உங்க கடை, பாய்.”

கலீல் பாய் மிஷினை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். ஓடுகிற பஸ்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே, மணலுக்கு நடுவே, வேலிக்குள் பூட்டிக் கிடக்கிற தன் கடையை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“இங்கேருந்து நல்லாத்தாம்மா தெரியுது,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.